அரங்கின் உள்ளும் வெளியும்: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் இனம், உரிமை, பொதுமேடை (1948–2018)

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுச் சொற்பொழிவுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பேச்சாளரோடும் பேச்சோடும் நின்றுவிடுகிறார்கள். யார் வந்தார், என்ன சொன்னார் என்பது ஆண்டறிக்கையில் ஏறுகிறது. அன்று அரங்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள், மறுநாள் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கையிலும் பணி நியமனத்திலும் ஏதாவது மாறியதா என்பவை பதிவாவதில்லை. இனம், உரிமை, சமூகநீதி ஆகியவை பேசுபொருளாகும் கூட்டங்களில் பதிவாகாத இந்தப் பகுதிதான் முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதைச் சோதிக்கத் தென்னாப்பிரிக்காவைவிடப் பொருத்தமான களம் அரிது. பல்கலைக்கழக வாசலில் நிறம் பார்ப்பதைச் சட்டமாக்கிய நாடு அது. அச்சட்டத்தை எதிர்த்து ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்திய பல்கலைக்கழகமும் அங்கேதான் இருந்தது. நிறவெறிக் கொள்கையோடு தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்த 1948 தொடங்கி, கேப்டவுன் பல்கலைக்கழகம் தன் மைய அரங்கின் பெயரை மாற்றிய 2018 வரையிலான காலம் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நினைவுச் சொற்பொழிவு, மாணவர் சங்கத்தின் உறுதிமொழி நாள், பட்டமளிப்பு விழா உரை ஆகிய மூன்று வடிவங்கள் ஒப்பிடப்படுகின்றன.

2. சட்டமும் நான்கு உரிமைகளும்

1950களில் கேப்டவுனும் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்டும் ‘திறந்த பல்கலைக்கழகங்கள்’ என்று அறியப்பட்டன. நிறம் பாராமல் மாணவரைச் சேர்ப்பதாக அவை சொல்லிக்கொண்டன. வகுப்பறையைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. வகுப்பறைக்கு வெளியே நிலைமை வேறு. விடுதி, விளையாட்டு, நடன விருந்து ஆகியவற்றில் நிறப் பிரிவினை தொடர்ந்தது. கேப்டவுனில் மருத்துவம் பயின்ற கறுப்பின மாணவர்கள் வெள்ளை நோயாளிகளைப் பரிசோதிக்க முடியாது. வெள்ளையரின் சடலம் மேசைக்கு வந்தால் அறையை விட்டு வெளியேற வேண்டும். ‘திறந்த’ என்பதற்குள்ளேயே மூடிய அறைகள் இருந்தன.

1948 முதல் 1955இல் இறக்கும்வரை கேப்டவுனின் துணைவேந்தராக இருந்தவர் டி.பி. டேவி. லிவர்பூலில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்து வந்தவர். யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது ஆகிய நான்கையும் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும் என்று அவர் வகுத்தார். கல்விச் சுதந்திரத்துக்கு அந்நாட்டில் இன்றுவரை மேற்கோளாக நிற்பது அந்த வரையறைதான்.

அதில் நான்காவதை 1959இல் அரசு பறித்தது. பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம் என்ற பெயரில் வந்த 45ஆம் எண் சட்டப்படி, அமைச்சரின் அனுமதி இல்லாமல் வெள்ளையரல்லாத புதிய மாணவர் எவரும் திறந்த பல்கலைக்கழகங்களில் சேர முடியாது. மாற்றாக இனவாரியான கல்லூரிகள் எழுந்தன. வடக்கே டர்ஃப்லூப்பில் சோத்தோ, வெண்டா, சோங்கா மக்களுக்கு ஒன்று. ஙோயேயில் சூலுக்களுக்கு ஒன்று. பெல்வில்லில் கலப்பினத்தவருக்கு ஒன்று. டர்பனில் இந்தியருக்கு ஒன்று. 1916இல் தொடங்கி மண்டேலா, ஆலிவர் தாம்போ போன்றோர் பயின்ற ஃபோர்ட் ஹேர் கல்லூரி தனிச் சட்டத்தால் அரசின் பிடிக்குள் போய், கோசா மக்களுக்கென ஒதுக்கப்பட்டது.

டேவியின் வரையறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான்கு உரிமைகளும் அரசுக்கு எதிராகப் பல்கலைக்கழகம் கோருபவை. பல்கலைக்கழகத்துக்கு எதிராக மாணவர் கோரக்கூடிய உரிமை அவற்றில் இல்லை. பின்னாளில் எழுந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் முளைத்தவை.

3. நினைவுச் சொற்பொழிவு: எதிர்ப்பின் ஒரு வடிவம்

3.1 தோற்றம். டேவியின் பெயரால் ஆண்டுதோறும் கல்விச் சுதந்திரம் குறித்த சொற்பொழிவை ஏற்படுத்தியவர்கள் கேப்டவுன் மாணவர்கள். சட்டம் நிறைவேறிய 1959ஆம் ஆண்டிலேயே முதல் உரை நிகழ்ந்தது. உரையாற்றியவர் பல்கலைக்கழகத்தின் வேந்தரும் முன்னாள் தலைமை நீதிபதியுமான ஏ. வான் டெ சாண்ட் சென்ட்லிவ்ரெஸ். கலப்பினத்தவரின் வாக்குரிமையைப் பிரித்த சட்டம் செல்லாது என்று 1952இல் தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை ஏற்றவர் அவர்.

3.2 செயல்பாடு. அறக்கட்டளைச் சொற்பொழிவு என்ற வடிவம் தமிழ்ப் பல்கலைக்கழகச் சூழலிலும் பழகியதுதான். ஒரு பெயர், ஒரு நாள், ஓர் உரை, பின்னர் ஒரு சிறுநூல். அடக்குமுறைக் காலத்தில் இந்தச் சடங்குத்தன்மையே வலிமையானது. ஆண்டு விழாவாக நடப்பதைத் தடைசெய்ய அரசுக்குத் தனிக் காரணம் தேவைப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அதே கோரிக்கை அதே மேடையில் பதிவானதால், 1959இன் சட்டம் இயல்பு நிலையாகிவிடவில்லை. ஃபோர்ட் ஹேர் அரசின் கைக்குப் போனதை ஏற்காமல் பதவி விலகிய பேராசிரியர் இசட்.கே. மாத்யூஸ் 1961இல் இதே மேடையில் ஆப்பிரிக்க எழுச்சியையும் பல்கலைக்கழகங்களையும் பற்றிப் பேசினார். கறுப்பின மாணவர் புதிதாகச் சேர வாசல் அடைக்கப்பட்ட வளாகத்தில் கறுப்பினப் பேராசிரியர் ஒருவரின் குரல் ஒலித்தது.

3.3 வரம்பு. இதே நிகழ்வுக்கு மறுபக்கமும் உண்டு. பேச்சாளராக ஒருவர் வரலாம். மாணவராக அவர் மகள் சேர அமைச்சரின் கையெழுத்து வேண்டும். மேடை திறந்திருந்தது, பதிவேடு மூடியிருந்தது. மூடியது அரசு என்பது உண்மை. விடுதியையும் விளையாட்டுத் திடலையும் மூடியிருந்தது பல்கலைக்கழகம் என்பதும் உண்மை. சொற்பொழிவு முதலாவதைத்தான் பேசுபொருளாக்கியது. இரண்டாவது வெகுகாலம் மேடைக்கு வரவில்லை.

4. 1966: உறுதிமொழி நாளும் காலி நாற்காலியும்

தென்னாப்பிரிக்க மாணவர் தேசிய ஒன்றியமான நூசாஸ், கல்வி மற்றும் மனிதச் சுதந்திர உறுதிமொழி நாளை ஆண்டுதோறும் நடத்திவந்தது. 1966இல் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி அழைக்கப்பட்டார். அழைப்பை முன்னின்று விடுத்த ஒன்றியத் தலைவர் இயன் ராபர்ட்சன்மீது, செனட்டர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், மே மாதத்தில், ஐந்தாண்டுத் தடையாணை விழுந்தது. கம்யூனிச ஒடுக்குச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட இத்தகைய ஆணை ஒருவரைச் சிறையில் அடைக்காமலே பொதுவாழ்விலிருந்து அகற்றியது. அவர் கூட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது. அவர் சொன்னதைப் பத்திரிகை அச்சிடக் கூடாது. கென்னடியுடன் வர விரும்பிய வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு விசா மறுக்கப்பட்டது.

ஜூன் 6 அன்று கேப்டவுன் ஜேம்சன் அரங்கில் கூட்டம் நிகழ்ந்தது. மேடையில் ராபர்ட்சனுக்காக ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டிருந்தது. கல்விச் சுதந்திரத்தின் தீப்பந்தம் அணைந்த நிலையில் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டது. கென்னடி தன் நாட்டின் இன ஒடுக்குமுறையை மறைக்கவில்லை. பாஸ்டனில் ஐரிஷ் மக்களுக்கு வேலை மறுக்கப்பட்டதைத் தன் குடும்ப வரலாறாகவே சொன்னார். தனி மனிதரின் சிறு துணிச்சல் பெரும் அலையாகலாம் என்ற கருத்தை அந்த உரை உலகுக்குக் கொடுத்தது. பின்னர் அவர் விட்வாட்டர்ஸ்ராண்டிலும் பேசினார்; குரூட்வில் என்ற ஊரில் தடையாணையின் கீழ் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஆல்பர்ட் லுத்துலியை நேரில் சென்று கண்டார். நோபல் பரிசு பெற்ற லுத்துலியின் சொற்களை அப்போது அவர் நாட்டிலேயே மேற்கோள் காட்ட முடியாது.

இந்நிகழ்வின் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தனித்துவிடப்பட்டதாக உணர்ந்த ஒரு தலைமுறை மாணவருக்கு வெளியுலகம் தம்மைப் பார்க்கிறது என்ற தெம்பு கிடைத்தது. அன்று நூசாஸ் துணைத் தலைவராக இருந்த மார்கரெட் மார்ஷல் பிற்காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். ஆயினும் அரங்கை நிறைத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளை மாணவர்கள். அரங்கு தாங்கிய பெயரோ 1895இல் டிரான்ஸ்வால்மீது படையெடுத்துத் தோற்ற, பிரிட்டிஷ் பேரரசுவாதி செசில் ரோட்ஸின் கூட்டாளி ஜேம்சனுடையது. அந்தப் பெயரை அன்று எவரும் கேள்வியாக்கியதாகத் தெரியவில்லை.

5. இரண்டு சோதனைகள்: 1967, 1968

5.1 தங்குமிடம். உறுதிமொழி நாளுக்கு ஓராண்டு கழித்து, 1967 ஜூலையில், நூசாஸின் மாநாடு கிரஹாம்ஸ்டவுனில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடியது. கறுப்பினப் பிரதிநிதிகள் வளாக விடுதியில் தங்கவும் மற்றவர்களோடு சேர்ந்து உண்ணவும் பல்கலைக்கழகம் அனுமதிக்கவில்லை. மாநாட்டையே நிறுத்தலாம் என்று வாதிட்டவர்களில் நேட்டால் மருத்துவக் கல்லூரி மாணவர் ஸ்டீவ் பிகோவும் ஒருவர். கண்டனத் தீர்மானம் நிறைவேறியது, மாநாடும் நடந்தது. ஒரே தீர்மானத்துக்குக் கைதூக்கிய இருவர் இரவில் ஒரே கூரையின் கீழ் உறங்க முடியாத அமைப்பு யாருடைய அமைப்பு என்ற கேள்வி அங்கே பிறந்தது. அதன் விடையாக 1969இல் டர்ஃப்லூப்பில் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பான சாசோ முறையாகத் தொடங்கப்பட்டது. பிகோ அதன் முதல் தலைவர்.

5.2 நியமனம். 1968இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் தன் முன்னாள் மாணவரும் மானுடவியலாளருமான ஆர்ச்சி மாஃபேஜேயை முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. கறுப்பினத்தவரை நியமிக்கக் கூடாது என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை. அரசு மிரட்டியது, பல்கலைக்கழக ஆட்சிக்குழு நியமனத்தைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் சுமார் 600 மாணவர்கள் நிர்வாகக் கட்டடமான பிரெம்னருக்குள் புகுந்து ஒன்பது நாள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். ஆட்சிக்குழு அசையவில்லை.

யார் கற்பிப்பது என்பது டேவியின் முதல் கேள்வி. அரசு அதைச் சட்டத்தால் பறிக்கவில்லை. மிரட்டலுக்குப் பணிந்து பல்கலைக்கழகமே கைவிட்டது. அந்தக் கேள்வியைப் போற்றும் சொற்பொழிவு தொடங்கிப் பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. மேடைக் கொள்கைக்கும் நிர்வாக முடிவுக்கும் இடையிலான தூரம் இவ்வளவு துல்லியமாக வெளிப்பட்ட தருணம் அந்த வரலாற்றில் வேறில்லை. மாணவர்களின் உள்ளிருப்பையும் பொது நிகழ்வாகவே எண்ண வேண்டும்: அழைப்பிதழ் இல்லை, தலைமையுரை இல்லை, ஆனால் எதிரே விடை சொல்ல வேண்டிய நிர்வாகம் இருந்தது.

6. மறுபுறக் கல்லூரிகள்: அழைப்பிதழில் இல்லாத உரை

6.1 சாலிஸ்பரி தீவு. 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரும் தெலுங்கரும் பிறரும் நூறாண்டு கழித்துத் தங்கள் வழித்தோன்றல்களுக்குப் பெற்ற உயர்கல்வி, டர்பன் துறைமுகத்தில் கடற்படை விட்டுச்சென்ற கட்டடங்களில் 1961இல் தொடங்கிய இந்தியர் கல்லூரி. சாலிஸ்பரி தீவில் இருந்த அதற்குப் படகேறிப் போக வேண்டும். இனவாரிக் கல்லூரிக்கு ஒப்புதல் தருவதாகிவிடும் என்று கருதிய மாணவர்கள், நிர்வாகம் விரும்பிய மாணவர் பேரவைக்குத் தேர்தலில் நிற்கவே மறுத்தனர். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பருடன் சேர்ந்து நாடகத்தைப் பொதுமேடையாக்கினார். கூப்பர் பிற்காலத்தில் அதே கல்லூரியிலிருந்து வளர்ந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

6.2 டர்ஃப்லூப், 29 ஏப்ரல் 1972. பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் பேச ஒங்கொபோட்சே டீரோ தேர்ந்தெடுக்கப்பட்டார். வழக்கமாக நன்றி நவிலும் உரை. அவரோ கறுப்பினத்தவருக்கென அரசு வகுத்த பாண்டு கல்விமுறையை மேடையிலேயே குற்றம் சாட்டினார். கறுப்பர் பல்கலைக்கழகம் என்கிறார்கள், நிர்வாகமும் ஒப்பந்தங்களும் வெள்ளையர் கையில் என்றார். அன்றைய அரங்கையே சான்றாக்கியதுதான் அந்த உரையின் உச்சம். முன்வரிசைகளில் வெள்ளை விருந்தினர். பட்டம் பெறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உள்ளே இடமில்லை.

விளைவு உடனடியானது. டீரோ வெளியேற்றப்பட்டார். அவரைத் திரும்பச் சேர்க்கக் கோரிய மாணவர்களும் அனுப்பப்பட்டனர். கறுப்பினக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வகுப்புகளைப் புறக்கணித்தன. ஜூன் தொடக்கத்தில் ஆதரவாகத் திரண்ட வெள்ளை மாணவர்களைக் கேப்டவுன் புனித ஜார்ஜ் தேவாலயப் படிகளில் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. டீரோ சொவேட்டோவின் மோரிஸ் ஐசக்சன் பள்ளியில் வரலாறு கற்பித்தார், அங்கிருந்தும் நீக்கப்பட்டார். போட்ஸ்வானாவில் அடைக்கலம் புகுந்த அவரை 1974 பிப்ரவரி 1 அன்று பார்சல் குண்டு கொன்றது. 1976 ஜூன் 16 சொவேட்டோ மாணவர் எழுச்சியை முன்னின்று நடத்திய சியெட்சி மஷினினி அந்தப் பள்ளியின் மாணவர்.

கென்னடியின் உரையையும் டீரோவின் உரையையும் அருகருகே வைத்தால் ஆய்வுக்குத் தேவையான வேறுபாடு கிடைக்கிறது. முன்னவர் விடுதலையின் பொதுக் கோட்பாட்டைச் சொன்னார். பேசிவிட்டுத் தன் நாடு திரும்பும் வசதி அவருக்கு இருந்தது. பின்னவர் அந்த அரங்கின் இருக்கை ஒதுக்கீட்டைச் சொன்னார். அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தார். உலகத் தொகுப்புகளில் அதிகம் இடம்பெறுவது முதலாவது. தென்னாப்பிரிக்கக் கல்விக்கூடங்களை நேரடியாகக் குலுக்கியது இரண்டாவது.

6.3 நீதிமன்றம். 1973 மார்ச்சில் பிகோ, கூப்பர், மூட்லி உள்ளிட்ட சாசோ தலைவர்கள்மீது தடையாணைகள் விழுந்தன. மொசாம்பிக் விடுதலையை வாழ்த்தி 1974 செப்டம்பர் 25 அன்று டர்பனிலும் டர்ஃப்லூப்பிலும் கூட்டங்கள் கூட்டப்பட்டன. அதைத் தொடர்ந்த வழக்கில் ஒன்பது பேர் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் 1976 டிசம்பரில் தண்டிக்கப்பட்டு ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அரசுத் தரப்பு முன்வைத்த சான்றுகளில் பேச்சும் கவிதையும் நாடகமும் அடங்கும். தடையாணையால் பொதுவெளியில் பேச முடியாதிருந்த பிகோ, அவ்வழக்கில் சாட்சியாகக் கூண்டேறித் தன் கருத்துகளை நாட்களாக விளக்கினார். பல்கலைக்கழகம் தராத மேடையை நீதிமன்றம் தந்தது. 1977 செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் அவர் இறந்தார்.

7. அழைப்பும் மறுப்பும்: 1986, 2016

பொது நிகழ்வை யார் நிறுத்தலாம் என்ற கேள்வி இரண்டு தருணங்களில் கூர்மையடைந்தது. நிறவெறி அரசுக்கு எதிரான உலகக் கல்விப் புறக்கணிப்பை ஏற்காத அயர்லாந்து எழுத்தாளர் கானர் குரூஸ் ஓ’பிரையன் 1986இல் கேப்டவுனில் விரிவுரையாற்ற வந்தார். அவர் நிறவெறியை ஆதரித்தவரல்லர், புறக்கணிப்பை எதிர்த்தவர். மாணவர்கள் அவர் கூட்டங்களை இடைமறித்தனர், எஞ்சியவை கைவிடப்பட்டன. இங்கே இரண்டு சுதந்திரங்கள் மோதின. அறிஞர் எங்கும் பேசலாம் என்பது ஒன்று. நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் மக்கள் சிறைப்பட்டிருக்கும் நாட்டில் அந்த வாதத்துக்கு மேடை தருவதே ஒரு நிலைப்பாடு என்பது மற்றொன்று.

2016இல் நிலைமை தலைகீழ். டேவி சொற்பொழிவுக்குப் பல்கலைக்கழகத்தின் கல்விச் சுதந்திரக் குழு டென்மார்க் இதழாசிரியர் ஃபிளெமிங் ரோஸை அழைத்திருந்தது. நபிகள் நாயகத்தைப் பற்றிய கேலிச்சித்திரங்களை 2005இல் வெளியிட்ட பக்கத்துக்குப் பொறுப்பானவர் அவர். வளாகத்தில் மோதல் வரலாம், பாதுகாப்பு கெடலாம் என்று காரணம் காட்டி நிர்வாகம் அழைப்பைத் திரும்பப் பெற்றது. அரசின் தலையீட்டை எதிர்த்துப் பிறந்த மேடையில் பேச்சாளரை விலக்கியது இம்முறை பல்கலைக்கழகமே. முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் நகரில் அவர் பேச்சு புண்படுத்தும் என்பது பொய்யான கவலையல்ல. ஆனால் 1986இல் இடைமறித்த மாணவர்கள் தம் செயலுக்கான காரணத்தைக் கூட்டத்திலேயே சொன்னார்கள். 2016இல் கூட்டமே இல்லாததால் எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் வாதிட இடமில்லாமல் போயிற்று. நேர்மையான எதிர்ப்புக்கும் முன்னெச்சரிக்கை நிர்வாகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

8. 1990கள் முதல்: மேடையே ஆய்வுக்குள்ளாதல்

1991இல் டேவி மேடையில் பேசிய எட்வர்ட் சயீத், அறிஞர் தன் எல்லையைக் காக்கும் அரசனாக இராமல் பிற உலகங்களுக்குள் நடந்துபோகும் பயணியாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நிறவெறிச் சட்டங்கள் உதிர்ந்துகொண்டிருந்த நேரத்தில், அரசைத் தாண்டிப் பல்கலைக்கழகத்தின் உள்ளத்தை நோக்கித் திரும்பிய உரை அது. 2000இல் பிகோவின் பெயரால் நினைவுச் சொற்பொழிவு தொடங்கியது. முதல் உரை எழுத்தாளரும் அவ்வாண்டு கேப்டவுன் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவருமான ஞ்ஜபுலோ ன்டெபெலேயுடையது. கூகி வா தியாங்கோ, மண்டேலா, டெஸ்மண்ட் டூட்டு என்று அவ்வரிசை நீண்டது. மருத்துவக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிகோ இப்போது பல்கலைக்கழக நாட்காட்டியில் இடம்பெற்றார்.

ஆனால் மாஃபேஜே காத்திருந்தார். 1990களில் கேப்டவுனில் பேராசிரியர் பதவி கோரியபோதும் அவருக்கு அது கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் அவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது 2008இல். அதற்கு முந்தைய ஆண்டு அவர் இறந்திருந்தார். அதே 1990களில் கேப்டவுனில் ஆப்பிரிக்க ஆய்வுகள் துறைக்கு வந்த மஹ்மூத் மம்தானி, ஆப்பிரிக்காவைப் பற்றிய அடிப்படைப் பாடத்தை யார் வகுப்பது என்ற தகராறில் 1998இல் ஒதுக்கப்பட்டு, விரைவில் வெளியேறினார். எதைக் கற்பிப்பது என்ற டேவியின் இரண்டாம் கேள்வியில் அரசு தலையிடாத காலத்தில் எழுந்த சச்சரவு இது.

2015 மார்ச் 9 அன்று வளாகத்தில் இருந்த செசில் ரோட்ஸ் சிலைமீது மாணவர் ஒருவர் மலத்தை வீசினார். ஒரு மாதத்தில், ஏப்ரல் 9 அன்று, சிலை அகற்றப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் மாணவர்கள் பிரெம்னர் கட்டடத்தைக் கைப்பற்றி அங்கேயே வாசிப்பு வட்டங்களும் விவாதங்களும் நடத்தினர். கறுப்பினப் பேராசிரியர் எத்தனை பேர், பாடத்திட்டத்தில் ஆப்பிரிக்கா எங்கே, துப்புரவுப் பணியாளர் ஏன் ஒப்பந்தத்தில் என்ற கேள்விகள் எழுந்தன. மம்தானி 2017 ஆகஸ்டில் டேவி சொற்பொழிவாளராகத் திரும்பி வந்து, காலனியத்துக்குப் பிந்தைய பல்கலைக்கழகத்தின் மொழியையும் பாடத்திட்டத்தையும் பேசினார். 2018இல் ஜேம்சன் அரங்கு சாரா பார்ட்மன் அரங்காயிற்று. ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக்கப்பட்டு, எச்சங்கள் 2002இல்தான் தாய்மண் திரும்பிய கோய்கோய் பெண் அவர்.

9. முடிவுகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது: ஆண்டுச் சொற்பொழிவு எனும் வடிவம் அநீதியை இயல்பாக விடாமல் தடுப்பதில் வலிமையானது. அதனால் மட்டும் அநீதி நீங்குவதில்லை. 1959 சட்டத்தை டேவி மேடை மறக்கவிடவில்லை. மாஃபேஜேயை அது காக்கவும் இல்லை.

இரண்டாவது: வெளியிலிருந்து வரும் பெரும் பேச்சாளர் கோட்பாட்டை விரிக்கிறார், உள்ளிருந்து பேசுபவர் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். டீரோவின் உரையும் 1968, 2015 உள்ளிருப்புகளும் கூர்மை பெற்றது அவை விடை சொல்ல வேண்டியவரை எதிரே நிறுத்தியதால். பொது நிகழ்வை வடிவமைப்போர் இவ்விரண்டில் ஒன்றுக்கு மட்டும் இடம் தந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

மூன்றாவது: டேவியின் நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகம் மேடையில் ஒப்புக்கொண்டதைத் தன் விடுதியிலும் நியமனத்திலும் பாடத்திட்டத்திலும் செய்ததா என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? மாணவருக்கும் பணியாளருக்கும் அந்த உரிமை எழுத்தில் இருந்தால் சமூகநீதிச் சொற்பொழிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இல்லையென்றால் அந்த உரிமையைப் பெறுவதற்கான போராட்டத்தையே அடுத்த சொற்பொழிவின் பொருளாக்க வேண்டும்.